‘நாம் உறங்கும்போது’: கெல்லியின் பேச்சும் ஒரு மாணவியின் கட்டுரையும்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கில மொழிக்கான ஏ.பி. தேர்வில் (பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வு இது) மூன்று கட்டுரைகள் எழுத வேண்டும். அவற்றில் நடுவில் வருவதுதான் பிள்ளைகளை அதிகம் படுத்துகிறது. பழைய பேச்சு ஒன்றையோ கடிதம் ஒன்றையோ கொடுத்து, இதைச் சொன்னவர் கேட்பவர்களைத் தம் பக்கம் இழுக்க என்னென்ன செய்கிறார் என்று ஆராயச் சொல்வார்கள். சொன்னது சரியா தவறா என்ற வழக்குக்கு அங்கே இடமில்லை. ரெட்டரிக்கல் அனாலிசிஸ் என்று பள்ளியில் பெயர். சொல்லாட்சி ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். படிக்கவும் எழுதவும் சேர்த்து ஏறக்குறைய 40 நிமிடம்தான் கையில் இருக்கும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 2011ஆம் ஆண்டுத் தேர்வில் வந்து, இன்றுவரை வகுப்பறைப் பயிற்சிகளில் சுற்றிக்கொண்டிருக்கும், குழந்தைத் தொழிலை எதிர்த்த ஒரு பேச்சு. வார இறுதியில் என்னிடம் எழுத்துப் பயிற்சிக்கு வரும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். அது எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைப் பதிவு செய்கிறேன். அவள் எழுதியது ஆங்கிலத்தில். இங்கே வரும் வரிகள் அவற்றின் தமிழ் வடிவம்.

பேச்சும் அவையும்

பேசியவர் அமெரிக்கச் சமூகச் சீர்திருத்தவாதி ஃப்ளாரன்ஸ் கெல்லி (1859–1932). ஆண்டு 1905. அவை, தேசிய அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் மாநாடு. வினாத்தாளின் முகப்பில் பிலடெல்பியா, ஜூலை 22 என்று ஊரும் நாளும் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த ஆண்டு அச்சங்கத்தின் ஆண்டு மாநாடு கூடியதோ ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில், ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முதல் வாரம் வரை. வினாத்தாள் முகப்பை அப்படியே முன்னுரையில் இறக்கி வைக்கும் பழக்கத்தைக் கைவிடச் சொல்ல எனக்கு இது ஒரு நல்ல சாக்கு. ஆண்டும் அவையும் போதும். ஊரும் நாளும் கட்டுரைக்கு எந்த வேலையும் செய்வதில்லை.

பேச்சு சிறியது. நிதானமாக வாசித்தாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். 16 வயதுக்குக் குறைந்த இருபது லட்சம் குழந்தைகள் இந்த நாட்டில் தங்கள் ரொட்டியைத் தாங்களே சம்பாதிக்கிறார்கள் என்று தொடங்குகிறது. ஜார்ஜியாவின் பஞ்சாலைகளில் ஆறேழு வயது, பென்சில்வேனியாவின் நிலக்கரி உடைப்புக் கூடங்களில் எட்டு, ஒன்பது, பத்து வயது என்று வயதும் இடமும் வரிசையாக வருகின்றன. பிறகு இரவு வேலை. ஒவ்வொரு மாநிலத்துச் சட்டமும் எத்தனை மணி நேரத்தை அனுமதிக்கிறது என்று கெல்லி எண்ணிக் காட்டுகிறார். அதன்பின் இரண்டு கேள்விகள்: ஜார்ஜியாவிலும் நியூ ஜெர்சியிலும் தாய்மார்களுக்கு வாக்கு இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா? அடுத்து, குழந்தைகள் செய்யும் பொருட்களின் பட்டியல். கடைசியில் ஒரு வேண்டுகோள்: வாக்குள்ள தொழிலாளர்களை நம்முடன் சேர்த்துக்கொள்வோம், அவர்களோடு சேர்ந்து குழந்தைகளை விடுவிப்போம்.

முதல் வரைவு

மாணவியின் முதல் வரைவு ஐந்து பத்தி. முன்னுரையின் கடைசி வாக்கியம் இது: ‘சமூகச் சீர்திருத்தவாதியான கெல்லி, குழந்தைத் தொழிலின் கொடுமையை அவையினருக்கு உணர்த்த, திரும்பக் கூறல், உணர்ச்சியூட்டும் சொற்கள், புள்ளிவிவரங்கள் ஆகியவற்றைத் திறம்படப் பயன்படுத்துகிறார்.’ அடுத்த மூன்று பத்தியும் இந்த மூன்றுக்கு ஆளுக்கொன்று. முடிவுரை, முன்னுரையின் மறுபதிப்பு.

மொழி சுத்தமாக இருந்தது. மேற்கோள்கள் சரியாக இருந்தன. ஆனால் கெல்லியின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு பேச்சாளரின் பெயரைப் போட்டால் பாதிக் கட்டுரை சேதமில்லாமல் நிற்கும். பள்ளியில் ஈதோஸ் (பேசுபவரின் நம்பகத்தன்மை), பேதோஸ் (உணர்ச்சி), லோகோஸ் (தர்க்கம்) என்று மூன்று பெட்டிகளைக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளைகளும் வரிவரியாகப் பிடித்து ஏதாவது ஒரு பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். ‘இங்கே திரும்பக் கூறல் இருக்கிறது’ என்பது கண்டுபிடிப்புக்கூட ஆகாது. கண் உள்ள எவருக்கும் தெரிவதுதான். இன்றைய மதிப்பீட்டு முறையில் மொத்தம் 6 மதிப்பெண். மையக் கருத்துக்கு 1, சான்றுக்கும் விளக்கத்துக்கும் சேர்த்து 4, நுட்பத்துக்கு 1. அந்த நான்கில் பெரும்பங்கு விளக்கத்தில்தான் கிடைக்கிறது. இவள் கட்டுரையில் சான்றுக்குப் பஞ்சமில்லை. விளக்கம் வர வேண்டிய இடத்திலெல்லாம் ‘இது வாசகரின் மனத்தைத் தொடுகிறது’ என்ற ஒரே வாக்கியம் வேறு வேறு உடையில் வந்து நின்றது.

ஈதோஸைத் தொட்ட இடம் இன்னும் சங்கடம். கெல்லி சீர்திருத்தவாதி, அதனால் அவர் சொல்வது நம்பத்தக்கது என்று எழுதியிருந்தாள். அந்தத் தகவல் வினாத்தாள் முகப்பில் உள்ளது. பேச்சுக்குள் கெல்லி தம் பதவியையோ அனுபவத்தையோ பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிறையச் சொல்லியிருக்கலாம்: 1893இல் இல்லினாய் மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளர்; சட்டம் படித்தவர்; 1899 முதல் தேசிய நுகர்வோர் கழகத்தின் பொதுச் செயலாளர். எதையும் வெளியே எடுக்கவில்லை. அலபாமாவில் எட்டு மணி நேரம், ஜார்ஜியாவில் வரம்பே இல்லை, பென்சில்வேனியாவில் கடந்த மே மாதம் வரை 13 வயதுக் குழந்தைக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று தாளைப் பார்க்காமல் சொல்லக்கூடியவர்போல் அடுக்கும்போதே, இந்த அம்மையாருக்கு விஷயம் தெரியும் என்று அவைக்குப் புரிந்துவிடும். நம்பகத்தன்மையைப் பற்றி எழுத வேண்டுமென்றால் எழுத வேண்டிய இடம் அது.

திருப்பம்

கட்டுரையை மூடி வைத்துவிட்டு, அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன வேண்டும், என்ன இல்லை என்று மட்டும் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். பெண்கள்; பெரும்பாலும் நடுத்தர வர்க்கம், வசதியுள்ளவர்கள்; வாக்குரிமை வேண்டும்; வாக்கு இல்லை. எழுதிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்தாள்.

“அங்கிள், இவர்கள் எல்லாரும் குழந்தைகளை வேலைக்கு அனுப்புவது தப்பு என்று ஏற்கெனவே நினைப்பவர்கள்தானே? அப்புறம் எதற்கு இவர் இவ்வளவு சிரமப்பட்டு அதையே சொல்ல வேண்டும்?”

கட்டுரை உண்மையில் பிறந்தது இந்தக் கேள்வியில்தான். ஆலை முதலாளிகளின் கூட்டத்தில் கெல்லி பேசியிருந்தால் ‘கொடுமையை உணர்த்த’ என்பது சரியாக இருந்திருக்கும். இந்த அவைக்கு அதை உணர்த்த வேண்டியதே இல்லை. அப்படியென்றால் அவர் அவர்களை எங்கிருந்து எங்கே நகர்த்தப் பார்க்கிறார்? கடைசிப் பத்தியைப் போய்ப் பார்த்தால் பதில் கிடைக்கிறது. தொழிலாளர்களோடு கைகோக்கச் சொல்கிறார். வசதியான வீட்டுப் பெண்களுக்குத் தொழிற்சங்க ஆண்களிடம் போய் நிற்பதில் தயக்கம் இருந்திருக்கும். அந்தத் தயக்கம்தான் பேச்சின் உண்மையான எதிரி. அதன் பெயரைக் கெல்லி ஒருமுறையும் உச்சரிக்கவில்லை. ‘குழந்தைகளை விடுவிக்க உதவி கேட்டால், இந்த நாட்டின் எந்தத் தொழிலாளர் அமைப்பும் மறுத்ததில்லை’ என்ற ஒரு வரியில், யாரும் எழுப்பாத ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகிறார்.

அவையறிந்து பேசுவது என்று நாம் சொல்வது இதைத்தான். பேச்சை ஆராய்கிறவரும் அவையிலிருந்துதான் தொடங்க வேண்டும். மாணவி அன்று எழுதிய புதிய மையக் கருத்து இது: ‘குழந்தை உழைப்பைத் தீமை என்று ஏற்கெனவே நம்பும் பெண்களிடம், அந்தத் தீமையில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று காட்டி, அதிலிருந்து மீளும் வழி வாக்குரிமையும் தொழிலாளர் துணையும்தான் என்று கெல்லி அவர்களைக் கொண்டு சேர்க்கிறார்.’ உத்திகளின் பெயர் ஒன்றுகூட இதில் இல்லை. அதனால் ஒரு குறையும் இல்லை. பேச்சு நகரும் திசை இருக்கிறது, அது போதும்.

மறுவாசிப்பு

திசை தெரிந்ததும், முன்பு வெறும் எடுத்துக்காட்டாகக் கிடந்த வரிகள் வேறு மாதிரி தெரியத் தொடங்கின.

‘நாம் உறங்கும்போது’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சைப் பற்றி எழுதும் பெரும்பாலான பிள்ளைகள் இதைப் பிடித்துவிடுவார்கள். மூன்று முறை வருகிறது. ‘இன்றிரவு நாம் உறங்கும்போது, ஆயிரக்கணக்கான சிறுமிகள் ஆலைகளில் வேலை செய்துகொண்டிருப்பார்கள்’ என்பது முதல் முறை. அங்கே அது நேரத்தைக் குறிக்கும் சாதாரண அடைமொழி. கவனம் சிறுமிகள் மேல் போகிறது. மூன்றாம் முறை ஜார்ஜியாவைப் பற்றிச் சொல்லும்போது. நூற்கட்டைகளை எட்டிப் பிடிக்கும் உயரம் மட்டுமே வந்த ஆறேழு வயதுச் சிறுமி பகலிலோ இரவிலோ பதினொரு மணி நேரம் வேலை செய்யலாம் என்று சொல்லிவிட்டு, ‘இன்றிரவும் அவர்கள் அதைச் செய்வார்கள், நாம் உறங்கும்போது’ என்று முடிக்கிறார். வாக்கியத்தின் தலையில் இருந்த தொடர் வாலுக்கு வந்துவிட்டது. கடைசியாகக் காதில் நிற்பது சிறுமியின் உழைப்பு இல்லை, நம்முடைய உறக்கம். ‘திரும்பக் கூறுவதால் அழுத்தம் கிடைக்கிறது’ என்று முதல் வரைவில் இருந்த வாக்கியத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாநிலங்களின் வரிசை இன்னும் தந்திரமானது. முதலில் அலபாமா, பிறகு இரண்டு கரோலினாக்கள், ஜார்ஜியா. எல்லாம் தெற்கு. வடக்கத்திப் பெண் ஒருத்தி இதுவரை நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருக்கலாம். தெற்கு என்றால் அப்படித்தான் என்று தலையை ஆட்டிக்கொண்டிருக்கலாம். அப்போது வருகிறது: ‘தெற்கில் மட்டும் இவை நடப்பதில்லை. நியூ ஜெர்சியைவிட அலபாமா மேல்.’ அலபாமா இரவு வேலையை எட்டு மணி நேரத்தோடு நிறுத்துகிறது. நியூ ஜெர்சி விடிய விடிய அனுமதிக்கிறது. மாலை ஆறு மணிக்கு வேலையை நிறுத்தச் சொன்ன நல்ல சட்டம் ஒன்றைப் போன ஆண்டு அங்கே நீக்கிவிட்டார்கள். 14 வயது நிறைந்த பிள்ளைகள் இப்போது இரவு முழுவதும் உழைக்கும் ‘பரிதாபமான சலுகையை அனுபவிக்கிறார்கள்’. அடுத்தது பென்சில்வேனியா. ஒளிந்துகொள்ள இருந்த மூலையை மூடிவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போகிறார். மாணவி முதலில் இந்தப் பகுதியை ‘லோகோஸ், புள்ளிவிவரம்’ என்று ஒரே வரியில் கடந்திருந்தாள். இதில் எண்ணைவிட வரிசைதான் வேலை செய்கிறது.

பென்சில்வேனியாச் சிறுமியின் காட்சியில் நான் கொஞ்சம் அதிக நேரம் செலவழிக்க வைத்தேன். பதின்மூன்றாவது பிறந்தநாள். மாலை ஐந்தரைக்கு வீட்டிலிருந்து கிளம்புகிறாள். கையில் நள்ளிரவுச் சாப்பாட்டுத் தூக்கு. ‘மகிழ்ச்சியான மனிதர்கள் நண்பகல் உணவை எடுத்துப் போவதுபோல.’ மாலை ஆறு முதல் காலை ஆறு வரை ஆலை. எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. அடி, உதை, காயம், கண்ணீர் எதுவுமே இந்தக் காட்சியில் இல்லை. ஒரு தூக்குவாளியும் கடிகாரமும் மட்டும். பிறந்தநாள் என்ற ஒரு விவரம் கேட்பவர்களில் தாயாக இருந்த ஒவ்வொருவரையும் என்ன செய்திருக்கும் என்று எழுதச் சொன்னபோது, ‘உணர்ச்சியூட்டும் சொற்கள்’ என்ற பழைய தலைப்பு தானாகவே உதிர்ந்தது. அந்தச் சொற்களில் ஒன்றும் உணர்ச்சியூட்டுபவை அல்ல.

பொருட்பட்டியலும் அப்படித்தான். காலணி, காலுறை, உள்ளாடை, தொப்பிக்கு வைக்கோல் பின்னல், தொப்பியை அலங்கரிக்கும் பட்டும் வெல்வெட்டும், கொக்கிகள், தொப்பி ஊசிகள், செயற்கை மலர்கள், கழுத்தணிகள். 1905ஆம் ஆண்டு மாநாட்டு அறையில் இவற்றை அணியாத பெண் யாரும் இருந்திருக்க முடியாது. காலில் தொடங்கித் தலைக்கு ஏறுகிறது பட்டியல்; கேட்பவள் தன் உடம்பைத்தான் பார்க்க வேண்டும். ‘நாம் வாங்குவதற்காக’, ‘நமக்காக உழைப்பதற்காக’ என்று இடையிடையே முடிச்சுப் போடுகிறார். நுகர்வோர் கழகத்தின் செயலாளருக்கு இது கைவந்த வாதம். நல்ல நிலைமைகளில் தைக்கப்பட்ட உடைகளுக்கு ‘வெள்ளை முத்திரை’ கொடுத்து, வாங்குகிறவர்களையே ஆயுதமாக்க முயன்ற அமைப்பு அது.

ஒரு விஷயத்தை மாணவியே கண்டுபிடித்தாள், நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பேச்சு முழுவதும் ஆலை முதலாளி ஒருவர்கூடத் தலைகாட்டுவதில்லை. மாநிலங்கள் அனுமதிக்கின்றன, சட்டமன்றங்கள் மறுக்கின்றன, நாம் வாங்குகிறோம். திட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போக வசதியாக ஒரு வில்லனைக் கொடுத்திருந்தால், அவையின் குற்ற உணர்வு முழுவதும் அவன் தலையில் இறங்கியிருக்கும். கெல்லிக்கு அந்தக் குற்ற உணர்வு அறையிலேயே இருக்க வேண்டும். ‘இன்றிரவு இந்த அறையில் இருக்கும் எவரும் இதில் தமக்குப் பங்கில்லை என்று நினைக்க முடியாது’ என்கிறார். பொருட்பட்டியல் முடிந்ததும் கையையும் நீட்டுகிறார்: நாம் இதை விரும்பவில்லை, ஏறக்குறைய சக்தியற்றவர்களாக இருக்கிறோம், ஆனால் முழுக்கச் சக்தியற்றவர்கள் அல்லர், மனு கொடுக்கும் உரிமை இருக்கிறது. குத்தியதும் மருந்திட்டதும் அடுத்தடுத்த மூச்சில்.

தயங்கிய இடம்

பேச்சில் ஒரு சொல் இருக்கிறது; பெரும்பாலான மாணவர் கட்டுரைகள் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். இரண்டாம் முறை ‘நாம் உறங்கும்போது’ வரும் இடத்தில் கெல்லி ‘வெள்ளைச் சிறுமிகள்’ என்கிறார். மாணவி அந்த மேற்கோளைப் பயன்படுத்தும்போது அந்தச் சொல்லுக்குப் பதிலாக மூன்று புள்ளி வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். “அது கட்டுரையைக் கெடுத்துவிடும் அங்கிள், அவர் நல்லவர்” என்றாள்.

நல்லவரா கெட்டவரா என்பது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. தெற்கத்திப் பஞ்சாலைகளின் நூற்புக் கூடங்களில் அந்தக் காலத்தில் கறுப்பினத்தவரைப் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே அந்தச் சொல் நிலவரத்துக்குப் பொருந்தியது. ஆனால் நிலவரத்துக்குப் பொருந்தும் எல்லாவற்றையும் பேச்சாளர் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. தெற்கத்தி மாநிலங்களின் ஆதரவை இழக்க அஞ்சி, இனப் பாகுபாட்டைக் கண்டும் காணாமல் இருந்தது பெண்கள் வாக்குரிமை இயக்கம். அந்த அவையின் முன் ‘வெள்ளை’ என்று சேர்ப்பது, இந்தச் சிறுமி உன் மகளைப் போன்றவள் என்று சுட்டிக்காட்டுவது. கெல்லி சில ஆண்டுகள் கழித்து, 1909இல், கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசியச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சொன்னவரின் மனத்தைவிடக் கேட்டவர்களின் மனத்தைப் பற்றி அந்தச் சொல் அதிகம் பேசுகிறது. என் கணிப்பில் அந்த ஆறாவது மதிப்பெண், நுட்பத்துக்கானது, இந்தச் சொல்லில்தான் ஒளிந்திருக்கிறது. புள்ளிகளை எடுத்துவிட்டு நான்கு வாக்கியம் எழுதினாள். கட்டுரையிலேயே இறுக்கமான இடம் அதுதான்.

பத்தி எப்படி மாறியது

முதல் வரைவிலிருந்து: ‘கெல்லி உணர்ச்சியூட்டும் உவமைகளைப் பயன்படுத்துகிறார். குழந்தைகளைச் சுமை விலங்குகள் என்கிறார். இது வாசகரின் மனத்தைத் தொட்டு, குழந்தைத் தொழில் கொடுமையானது என்று உணர வைக்கிறது.’

கடைசி வரைவிலிருந்து: ‘காலணியில் தொடங்கித் தொப்பி ஊசி வரை கெல்லி அடுக்குவதெல்லாம் அவையில் இருந்த பெண்கள் அன்று அணிந்திருந்தவை. ஆகவே ஆலைக்கும் மாநாட்டு அறைக்கும் நடுவே இருந்த தூரத்தை இந்தப் பட்டியல் அழித்துவிடுகிறது. துணி மூட்டைகளைத் தூக்கிப் போகும் குழந்தைகளைச் “சின்னஞ்சிறு சுமை விலங்குகள்” என்று அழைக்கும்போது, சுமப்பது யாருடைய துணி என்பது ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது. இரக்கப்பட்டுக்கொண்டிருந்த அவை இப்போது பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. அதன் பிறகே தீர்வைக் கேட்க அது தயாராகிறது.’

மேற்கோளின் நீளம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ‘பயன்படுத்துகிறார்’ என்ற வினைச்சொல் காணாமல் போயிருப்பதைக் கவனிக்கலாம். அழிக்கிறது, நகர்த்துகிறது, மூடுகிறது, தயாராக்குகிறது என்று பேச்சு செய்யும் வேலையைச் சொல்லும் வினைகள் வந்ததும் விளக்கம் தானாக ஒட்டிக்கொள்கிறது. ‘திறம்பட’ என்ற சொல்லை நானே சிவப்பு மையால் அடித்தேன். அதன்மேல் எனக்குத் தனிப்பட்ட வெறுப்பு உண்டு. எந்த வாக்கியத்திலிருந்து எடுத்தாலும் எந்தச் சேதமும் வராத சொல் அது.

முடிவுரைக்காக ஒரு சிறு சண்டை நடந்தது. ‘இந்தப் பேச்சின் விளைவாக அமெரிக்காவில் குழந்தைத் தொழில் ஒழிந்தது’ என்று முடிக்க ஆசைப்பட்டாள். வரலாறு அவ்வளவு தாராளமாக நடந்துகொள்ளவில்லை. 1916இல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தை 1918இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பெண்களுக்கு வாக்குரிமையை உறுதிப்படுத்திய அரசியல் சட்டத் திருத்தம் 1920இல் வந்தது. குழந்தைத் தொழிலைத் தடுக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தை 1924இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி அனுப்பியும் போதிய மாநிலங்கள் ஏற்கவில்லை. நிலைத்து நின்ற கூட்டாட்சிச் சட்டம் 1938இல் வந்தது. கெல்லி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு மாலைப் பேச்சின் கணக்கில் இத்தனையையும் எழுத முடியாது.

அதற்குப் பதிலாகப் பேச்சின் கடைசி வாக்கியத்துக்கே திரும்பினாள். குழந்தைகளுக்காக, நாம் இறந்த பின் அந்தக் குழந்தைகள் வாக்களிக்கப்போகும் குடியரசுக்காக, நம் நோக்கத்துக்காக என்று மூன்று ‘காக’க்கள் அங்கே வருகின்றன. அந்த மாநாடு கூடியதே மூன்றாவதற்காக. கெல்லி அதைக் கடைசியில் வைத்து, முதல் இரண்டின் வழியாகத்தான் அதை அடைய முடியும் என்று ஆக்கிவிடுகிறார். மாணவியின் முடிவுரை இந்த வரிசையைச் சொல்லி மூன்றே வாக்கியத்தில் முடிந்தது. கடிகாரம் வைத்து எழுதிய பிரதியில் வெள்ளைச் சிறுமிகள் பகுதி நான்கு வாக்கியத்திலிருந்து இரண்டாகச் சுருங்கியது. நியூ ஜெர்சி பத்தி மட்டும் ஒரு சொல்லும் குறையாமல் நின்றது.